கேட்டலும் கேட்காமையும்

பிற்பகல் முதல் பாடவேளை. இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்களோடு வெண்பாவுக்குத் தளை பார்த்துக்கொண்டிருந்தோம். உண்ட மயக்கத்தில் பாதி வகுப்பு கண் செருகியிருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஒன்றன்று, இரண்டு. முதலாவது முடிந்ததா என்று அறியுமுன் இரண்டாவது வந்துவிட்டது. சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கரும்பலகையின் மேலிருந்த சுண்ணக்கட்டிப் பெட்டி கீழே விழுந்தது. மரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் ஒருசேரக் கிளம்பின.

அடுத்த நொடியில் நாங்கள் அனைவரும் மைதானத்தில் நின்றோம். உணவு விடுதியில் எரிவாயு உருளை வெடித்தது என்றார் ஒருவர். பட்டாசு ஆலை என்றார் இன்னொருவர், எங்கள் ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குப் பட்டாசு ஆலையே இல்லை என்பதை மறந்து. நிலநடுக்கம் என்று ஒரு மாணவி அழுதாள். வானத்தில் எதுவும் இல்லை. மறுநாள் நாளிதழில் ஆறேழு வரிச் செய்தி வந்தது. போர் விமானம் ஒன்று பயிற்சியின்போது ஒலியின் வேகத்தைக் கடந்ததால் எழுந்த ஓசை, மக்கள் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சி முடித்த பிறகு வந்த அறிவுரை.

அன்று மாலை வீடு திரும்பியபோது அப்பா திண்ணையில் வழக்கம்போல் அமர்ந்திருந்தார். எங்கள் அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. இந்திய இராணுவத்தின் பீரங்கிப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பீரங்கிகள் அவருடைய செவிகளை வாங்கிக்கொண்டன. இடச்செவி அறவே இல்லை, வலச்செவியில் உரக்கச் சொன்னால் ஓரளவு விளங்கும். சத்தம் கேட்டதா என்று கைச்சாடையால் வினவினோம். அவர் காதைத் தொடவில்லை, நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு தரையைத் தட்டிக் காட்டினார். "மேல ஒருத்தன் போனான்" என்றார். ஊரே மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, என்ன நடந்தது என்பதைச் செவிடராகிய அவர் ஒருவரே சரியாக அறிந்திருந்தார்.

இந்த நிகழ்ச்சியை நாங்கள் மறந்தே போயிருப்போம். மறக்கவிடாமல் செய்தவள் அண்ணன் மகள்.

*

அவள் பொறியியல் கல்லூரியில் வானூர்தியியல் இறுதியாண்டு மாணவி. 2025 தீபாவளி கழிந்து சில நாட்களில், விடுப்பில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தன் இறுதியாண்டுத் திட்டப்பணியின் தலைப்பைக் கூறி, "அத்தை, இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். ஓசை குறைந்த சூப்பர்சானிக் பயணிகள் விமானத்தை இராணுவப் போக்குவரத்துக்குத் தகவமைத்தல். சொல்லிப் பார்த்தோம். வாக்கியம் அமைந்துவிட்டது, பொருள்தான் அமையவில்லை. ஓசை குறைந்தது என்றால் யாருக்கு? பயணிகளுக்கா, கீழே இருப்போருக்கா? இராணுவப் போக்குவரத்து என்றால் எதனை, யாரை ஏற்றிச் செல்வது? தமிழாசிரியர்களின் தொல்லை இதுதான். ஒரு தொடரைத் தந்தால் முதலில் எழுவாயைத் தேடுவோம்.

அவள் பொறுமையாக விளக்கினாள். நாங்கள் அதுவரை நம்பியிருந்த ஒன்றை முதலில் தகர்த்தாள். ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் மட்டும் வெடிச்சத்தம் எழும் என்று நினைத்திருந்தோம். அப்படியன்று. விமானம் ஒலியைவிட விரைவாகச் செல்லும் நேரம் முழுவதும் அந்த அதிர்வலை அதன் பின்னே கூம்பு வடிவில் தொடர்ந்து இழுபட்டு வருகிறது. படகின் பின்னே நீர் விரிவதைப் போல. அந்தக் கூம்பின் விளிம்பு எவர்மேல் படுகிறதோ அவருக்கு அந்தக் கணத்தில் முழக்கம் கேட்கிறது. மூக்கிலிருந்து புறப்பட்ட அலைகள் ஒன்றாகத் திரண்டு ஓர் அடி, வாலிலிருந்து வந்தவை திரண்டு மற்றோர் அடி. நாங்கள் கேட்ட இரண்டும் அவைதாம். ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு மைல் அகலம் என்பது ஏறத்தாழக் கணக்கு. ஐம்பதாயிரம் அடியில் பறந்தால் கீழே ஐம்பது மைல், அதாவது எண்பது கிலோமீட்டர் அகலத்துக்கு அந்த ஓசைப் பாய் விரிந்துகொண்டே போகும். திருச்சிக்கும் தஞ்சைக்கும் இடைப்பட்ட தொலைவைவிட அகலமான பாய்.

இந்தப் பாய் எவர் வீட்டின் மேல் விரிவது என்ற வழக்குதான் சூப்பர்சானிக் பயணிகள் விமானத்தின் வரலாறு. 1964இல் அமெரிக்காவின் ஓக்லஹாமா நகரத்தின் மேல் ஆறு மாத காலம், நாளொன்றுக்கு எட்டு என்ற கணக்கில், மொத்தம் 1,253 முழக்கங்களை வேண்டுமென்றே எழுப்பிச் சோதித்தார்கள். வரவிருந்த பயணிகள் விமானத்தின் ஓசையை மக்கள் தாங்குவார்களா என்று பார்ப்பதற்காக. சோதனைக்குப் பயன்பட்டவை போர் விமானங்கள். கண்ணாடிகள் உடைந்தன, காரை பெயர்ந்தது, புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இதனோடு வாழப் பழக முடியாது என்று நான்கில் ஒருவருக்கு மேல் சொன்னார்கள். அமெரிக்காவின் சூப்பர்சானிக் பயணிகள் விமானத் திட்டம் 1971இல் கைவிடப்பட்டதற்குச் செலவோடு இந்த ஓசையும் ஒரு காரணம். 1973இல் நிலத்தின் மேல் குடிமை விமானங்கள் ஒலியை மிஞ்சிப் பறக்கலாகாது என்று அந்நாடு விதி செய்தது. குடிமை விமானங்கள் என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். போர் விமானங்களை அவ்விதி கட்டுப்படுத்தவில்லை.

பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து படைத்த கான்கார்டு 1976 சனவரியில் பயணிகளோடு பறக்கத் தொடங்கியது. அறுபதாயிரம் அடி உயரம், ஒலியினும் இருமடங்கு வேகம், நூறு இருக்கை. ஆனால் பெரும்பாலும் கடலின் மேல்தான் முழு வேகம். லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு 1977இல் தொடங்கிய பறப்பு, மலேசியா ஓசையைக் காட்டி மறுத்ததால் சில நாட்களிலேயே நின்று, 1979இல் மீண்டும் தொடங்கி, 1980இல் முடிந்துபோனது. இந்தியாவும் தன் நிலத்தின் மேல் அதனை மீயொலி வேகத்தில் பறக்க விடவில்லை. நாம் அறியாமலே நமக்காக யாரோ மறுத்திருக்கிறார்கள். 2003இல் கான்கார்டு ஓய்வு பெற்றது.

*

அந்த 2003ஆம் ஆண்டிலேயே மற்றொன்றும் நடந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சீபாஸ், ஜார்ஜ் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் ஒரு கருத்தை நிறுவியிருந்தார்கள். விமானத்தின் உருவத்தைத் தக்கவாறு வடித்தால் அதிர்வலைகள் ஒன்றாகத் திரளாமல் தனித்தனியே தரையை அடையும், முழக்கம் தணியும் என்பது அது. 2003 ஆகஸ்டில் ஓர் எஃப்-5 போர் விமானத்தின் மூக்கைப் பெருக்கிக் கட்டிப் பறக்கவிட்டு அது மெய் என்று காட்டினார்கள்.

அந்த வழியில் வந்ததுதான் நாசாவுக்காக லாக்ஹீட் மார்ட்டின் கட்டிய எக்ஸ்-59. 2025 அக்டோபர் 28 அன்று கலிபோர்னியாவின் பாம்டேலிலிருந்து எழும்பி எட்வர்ட்ஸ் தளத்தில் இறங்கியது. அந்த முதல் பறப்பில் ஒலியின் வேகத்தை அது தொட முயலவில்லை. முப்பது மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் அகலம். நீளத்தில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் மூக்கே. விமானிக்கு முன்பக்கச் சன்னல் கிடையாது, நிழற்படக் கருவிகள் காட்டும் திரையைப் பார்த்தே ஓட்டுகிறார். இயந்திரம் முதுகின் மேல் அமைந்திருக்கிறது, அதன் அலை கீழே போகாதிருக்க. ஐம்பத்தைந்தாயிரம் அடியில் ஒலியைப்போல் 1.4 மடங்கு வேகம் என்பது இலக்கு. கான்கார்டின் முழக்கம் உணரப்படும் அளவையில் 105 டெசிபல் என்றால் இதற்கு 75. பத்து குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தோன்றும் என்பதால், முப்பது குறைந்தால் எட்டில் ஒரு பங்கு. எதிர்வீட்டில் யாரோ கார்க் கதவைச் சாத்தியது போல் இருக்குமாம்.

காணொளியைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பக் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது, கொக்கு ஒன்று கழுத்தை நீட்டிப் பறப்பதைப் போல. அந்தக் கொக்கின் உறுப்புகள் எங்கிருந்து வந்தவை என்றும் சொன்னாள். சக்கரங்கள் எஃப்-16 போர் விமானத்தினுடையவை. விமானியின் கண்ணாடிக் கூடு போர்ப் பயிற்சி விமானத்தினுடையது. இயந்திரம் எஃப்-414 குடும்பம். அமெரிக்கக் கடற்படையின் போர் விமானத்தை இயக்குவதும் அதுவே, நம் நாட்டின் தேஜஸ் மார்க் இரண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அதன் உடன்பிறப்பே. அப்படியானால், இதனை இராணுவத்துக்குத் தகவமைத்தல் என்று ஏன் சொல்ல வேண்டும், பிறந்தகம் போகிறது என்றல்லவா சொல்ல வேண்டும் என்றோம். சிரித்தாள். ஆனால் அது வேடிக்கைப் பேச்சு மட்டுமன்று. கான்கார்டின் ஒலிம்பஸ் இயந்திரமும் வல்கன் என்ற குண்டுவீச்சு விமானத்தின் இயந்திர மரபில் வந்ததே.

எதிர்வழிப் பயணத்துக்கும் சான்று உண்டு. அமெரிக்கப் பயணிகள் படுத்துறங்கிச் செல்வதற்காக 1935இல் பிறந்த டக்ளஸ் விமானம்தான் போர்க்காலத்தில் டகோட்டா ஆயிற்று. 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்கப் பாலைநிலத்தின் மேல் சக் யேகர் முதன்முதலாக ஒலியைக் கடந்தார். பதின்மூன்று நாள் கழித்து, அக்டோபர் 27 காலையில், டெல்லியிலிருந்து டகோட்டாக்கள் சீக்கியப் படைப்பிரிவின் வீரர்களைச் ஸ்ரீநகரில் கொண்டு இறக்கின. அந்த நாட்களில் தனியார் விமானக் குழுமங்களின் டகோட்டாக்களும் அப்பணியில் இறங்கின. அடுத்த ஆண்டு மே மாதத்தில் டகோட்டா ஒன்று லே பள்ளத்தாக்கில் மணல் தரையில் இறங்கியது. ஒலியின் வேகத்தில் மூன்றிலொரு பங்கைக்கூட எட்டாத விமானம் அது. அதுவே அன்று வரலாற்றை மாற்றியது. காரணம் வேகம் அன்று, எங்கும் இறங்கும், எவரையும் ஏற்றும் என்பதே.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் கற்பனையும் அன்று. 2020இல் எக்ஸோசோனிக் என்ற புதிய நிறுவனத்துக்கு அமெரிக்க விமானப்படை ஓர் ஒப்பந்தம் தந்தது. எழுபது பேர் செல்லும் ஓசை தணிந்த பயணிகள் விமானத்தை, நாட்டின் தலைமைப் பதவிகளில் இருப்போர் முப்பத்தொருவர் செல்வதற்கேற்ப மாற்றி வடிவமைக்க. அந்த நிறுவனம் 2024இல் கடையை மூடிவிட்டது. பூம் என்ற மற்றொரு நிறுவனத்தின் ஓவர்சூர் விமானத்துக்கும் அதே படை பணம் ஒதுக்கியது. 2022இல் நார்த்ராப் குரும்மன் என்ற ஆயுத நிறுவனம் பூமோடு கைகோத்து, மருந்துகளைக் கொண்டுசேர்க்க, நோயாளிகளை மீட்க, பரந்த பகுதிகளைக் கண்காணிக்க அவ்விமானத்தை மாற்றுவது குறித்து அறிவித்தது. 2025 ஜூனில், நிலத்தின் மேல் இருந்த 1973ஆம் ஆண்டுத் தடையை நீக்குமாறு அமெரிக்க அதிபர் ஆணையிட்டார். ஆகவே அரை நூற்றாண்டாக மூடியிருந்த கதவு திறக்கும் நேரத்தில்தான் எங்கள் வீட்டுப் பெண் தன் திட்டப்பணியைத் தொடங்கியிருந்தாள்.

*

மடிக்கணினியில் தான் வரைந்ததைத் தாத்தாவிடம் காட்டினாள். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எத்தன பேரு ஏறலாம்?"

வலச்செவியருகே சென்று, "முப்பது பேரு தாத்தா" என்றாள்.

"கதவு எங்க? எவ்வளவு அகலம்?"

முன்பக்கம் ஒரு கதவைக் காட்டினாள். ஒருவர் குனிந்து நுழையும் அளவு. தூக்குப்படுக்கை நுழையுமா என்று கேட்டார். நேராக நுழையும், உள்ளே திருப்ப முடியாது என்று ஒப்புக்கொண்டாள்.

"எங்க எறங்கும்?"

நீண்ட ஓடுபாதை உள்ள பெரிய விமான நிலையங்களில் என்றாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "அப்ப சரி" என்றார். அந்தச் சொற்களின் பொருள் அவளுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

1987 சனவரி. அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, அடுத்தவருக்கு எட்டு. அப்பாயி படுத்த படுக்கையாக இருந்தார். சித்தப்பா தபால் நிலையத்துக்குச் சென்று, தாயார் கவலைக்கிடம், உடனே புறப்படவும் என்று தந்தி கொடுத்துவிட்டு வந்தார். அப்பா அப்போது லடாக்கில் இருந்தார். அதன்பின் ஒவ்வொரு நாளும் கடைசிப் பேருந்து வரும்வரை நாங்கள் இருவரும் சாலையில் நின்றோம். மூன்றாம் நாள் இரவு அப்பாயி இறந்தார். மறுநாள் மாலைவரை எடுக்காமல் வைத்திருந்தார்கள். பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி, சித்தப்பாவே கொள்ளி வைத்தார். அப்பா வந்து சேர்ந்தது தந்தி கொடுத்த ஒன்பதாம் நாள்.

அந்த ஒன்பது நாட்களின் கணக்கை அப்பா ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். தந்தி மேலேயுள்ள முகாமுக்கு வந்து சேர ஒரு நாள். பனிக்குள் இறங்கி லே வந்தடைய ஒரு நாள். லேயில் நான்கு நாள். விமானம் இருந்தது, இருக்கையும் இருந்தது, வானிலைதான் இல்லை. ஒவ்வொரு காலையும் பெட்டியோடு போய் வரிசையில் நிற்பார்கள், பத்து மணிக்குத் திரும்பிப் போகச் சொல்வார்கள். ஐந்தாம் காலை அந்தோனவ் விமானத்தில், மூட்டைகளுக்கு நடுவே பக்கவாட்டுப் பலகையில் அமர்ந்து ஒரு மணி நேரத்தில் சண்டிகர். பிறகு டெல்லி, சென்னை, எங்கள் ஊர் என்று மூன்று நாள் தொடர்வண்டியும் பேருந்தும். வந்தவர் உள்ளே வரவில்லை. திண்ணையில் அமர்ந்து காலணியைக் கழற்றினார். நாங்கள் அருகில் போனோம். "யாரு போட்டது கொள்ளி?" என்று மட்டும் கேட்டார். சித்தப்பா என்றோம். தலையசைத்தார். கருமாதி முடிந்த மூன்றாம் நாள் மீண்டும் புறப்பட்டுப் போய்விட்டார்.

ஆகவே வேகத்தை இகழ எங்களுக்கு உரிமையில்லை. சண்டிகரிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர். எக்ஸ்-59இன் இலக்கு வேகத்தில் அது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அண்ணனுக்கும் எங்களுக்கும் தொண்டை அடைத்தது உண்மை. இரண்டு நாள் தொடர்வண்டியை ஒன்றரை மணி நேரமாக்கும் ஒன்றை வேண்டாம் என்று எவரால் சொல்ல முடியும்? ஆனால் அப்பாவின் மூன்று கேள்விகளும் அந்தக் கணக்கை உடனே உடைத்துவிட்டன. அவர் தாமதமானதற்குக் காரணம் சண்டிகருக்கு இப்பால் மட்டும் இல்லை, அப்பாலும் இருந்தது. பத்தாயிரம் அடி உயரத்தில், நான்கு புறமும் மலை சூழ்ந்த ஓடுபாதையில், மெல்லிய காற்றில் இறங்கி ஏற வேண்டிய இடத்துக்கு அந்த நீண்ட மூக்கு வரப்போவதில்லை. கான்கார்டு தரையிறங்கும்போதே மணிக்கு ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் வேகம். வந்தாலும், முப்பது இருக்கையில் ஒன்று விடுப்பில் செல்லும் ஹவில்தாருக்குக் கிடைக்கப்போவதுமில்லை. இந்தியாவிடம் உள்ள சி-17 எழுபது டன்னுக்கு மேல் சுமக்கும், பின்கதவைத் திறந்தால் பீரங்கியே உருண்டு ஏறும். அதுவன்றோ போக்குவரத்து? இது பல்லக்கு.

பல்லக்கு என்ற சொல்லைக் கேட்டு அவளுக்குக் கோபம் வந்தது. வந்ததில் நியாயம் இருந்தது. "மாற்று உறுப்பு கொண்டு போகலாம் அத்தை. தீக்காயம் பட்டவங்களப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். ஒரு மணி நேரம் மிச்சமானா ஒரு உயிர். தாத்தாவ மட்டும் வச்சு எல்லாத்தையும் அளக்காதீங்க" என்றாள். நாங்கள் வாயடைத்துப் போனோம். அண்ணன் அவள் பக்கம் சாய்ந்தார்.

*

அன்றிரவு அவளே மற்றொரு சிக்கலைச் சொன்னாள், கோபம் தணிந்தபின். ஓசையைத் தணிப்பது உருவம். மூக்கின் நுனியிலிருந்து வால்வரை ஒவ்வோர் அங்குலமும் கணக்கிட்டு வடித்த உருவம், குறிப்பிட்ட எடைக்கும் குறிப்பிட்ட வேகத்துக்கும் பொருந்துவது. இராணுவத்துக்கு மாற்றுவதென்றால் அகன்ற கதவு வேண்டும், வானிலேயே எரிபொருள் வாங்கும் துளை வேண்டும், அலைவாங்கிகள் வேண்டும், ஏவுகணையை ஏமாற்றும் தீப்பொறிக் கலங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் உருவத்தில் ஒரு புடைப்பு, ஒவ்வொன்றும் எடை. எடை கூடினால் அலை வலுக்கும், புடைப்பு ஒவ்வொன்றும் புதிய அலையை எழுப்பும். வெண்பாவில் ஒரு சீரை மாற்றினால் தளை தட்டுவதைப் போல என்றோம். ஆமாம் என்றாள், எங்களுக்காகப் பொறுத்துக்கொண்டு. போர்க்களத்துக்கு ஏற்றதாக்க ஏற்றதாக்க, ஓசை தணிந்தது என்ற அடைமொழி நழுவிக்கொண்டே போகும்.

அப்படியானால் இராணுவத்துக்கு அந்த ஓசையடக்கம் எதற்கு? பகைவரிடமிருந்து ஒளிவதற்கா? அதுவும் இல்லை. தரையில் ஓசை குறைந்தால் ரேடார் கண்மூடிக்கொள்ளாது. சூடான இயந்திரத்தைத் தேடிவரும் ஏவுகணைக்குக் காதில்லை. யோசித்துப் பார்த்தால் அந்த ஓசையடக்கம் முழுவதும் கீழே வாழும் சொந்த நாட்டு மக்களுக்காகவே. அவர்கள் புகார் செய்யாதிருக்க.

இங்கேதான் எங்கள் மனம் நின்றுவிட்டது. தமிழில் கேள் என்பது செவியால் கேட்டலையும் குறிக்கும், வினவுதலையும் குறிக்கும். ஒரே சொல். ஆண்டுதோறும் முதலாண்டு வகுப்பில் பலபொருள் ஒருசொல்லுக்கு இதனை எடுத்துக்காட்டாகச் சொல்லிவருகிறோம். அதன் இரண்டு பொருளும் ஒன்றையொன்று தொடுவதை இத்தனை ஆண்டுகளில் எண்ணிப் பார்த்ததில்லை. ஓக்லஹாமாவில் மக்கள் கேட்டார்கள், அதாவது முழக்கம் அவர்கள் செவியில் விழுந்தது. அதனால் அவர்கள் வினவினார்கள். அவர்களுடைய புகார் விதியாயிற்று, விதி ஆராய்ச்சியாயிற்று, ஆராய்ச்சி எக்ஸ்-59 ஆயிற்று. 2018 நவம்பரில் டெக்சாசின் கால்வெஸ்டன் ஊரருகே போர் விமானமொன்றைக் கடலின் மேல் குறிப்பிட்ட முறையில் பாய்ச்சி, மெல்லொலியை எழுப்பி, ஐந்நூறு ஊர்மக்களிடம் நாசா வினவியது. கேட்டதா, தொந்தரவாக இருந்ததா என்று. எக்ஸ்-59ஐயும் ஊர்களின் மேல் பறக்கவிட்டு மக்களின் விடையை வாங்கி விதி செய்வோரிடம் தருவதே அதன் நோக்கம். ஓசை தணிந்த விமானம் என்பது பொறியாளர்கள் மட்டும் படைத்ததன்று. கண்ணாடி உடைந்த வீட்டுக்காரர்களும் சேர்ந்து படைத்தது.

அது பயணிகள் விமானமாக இருக்கும்வரை இந்தக் கேள்விக்கு இடமிருக்கிறது. பயணச்சீட்டு, வழித்தடம், கால அட்டவணை எல்லாம் வெளிப்படை. இராணுவ விமானமாக அதே உருவம் மாறும்போது, மக்களிடம் வினவிப் பெற்ற அந்த மென்மை வினவத் தேவையில்லாத ஒருவர் கைக்குப் போகிறது. செவியில் விழாதது எவர் வினாவிலும் எழாது. எங்கள் கல்லூரி மைதானத்தில் அன்று இருநூறு பேர் அண்ணாந்து நின்றோம். அச்சம்தான், ஆனால் கேட்டோம். மறுநாள் நாளிதழ் விடை சொல்ல வேண்டியதாயிற்று, ஆறேழு வரியேனும். எதிர்வீட்டுக் கதவு சாத்திய சத்தமாக அது வந்திருந்தால் நாங்கள் அடுத்த சீருக்குத் தளை பார்த்துக்கொண்டிருப்போம். அப்பாவின் நெஞ்சுக்கும் அது எட்டியிருக்காது.

இதனால் முழக்கமே மேல் என்று வாதிட வரவில்லை. அழுத மாணவியின் முகம் நினைவிருக்கிறது. பிள்ளை உறங்கும் வீடுகளும் நோயாளிகள் கிடக்கும் மருத்துவமனைகளும் எண்பது கிலோமீட்டர் அகலத்துக்கு உண்டு. ஓசை குறையட்டும். குறைந்த ஓசையை யார் எதற்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்கும் வழக்கம் குறைய வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

*

சனவரியில் அவள் மீண்டும் வந்தாள். வடிவமைப்பை மாற்றியிருந்தாள். தலைவர்கள் முப்பது பேருக்கான இருக்கைகளை எடுத்துவிட்டு, ஆறு தூக்குப்படுக்கையும் மருத்துவர் இருவரும் செவிலியர் இருவரும் செல்லும்படி வரைந்திருந்தாள். கதவு அகன்றிருந்தது. அதனால் ஓசை எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டு, மறைக்காமல் அட்டவணையில் போட்டிருந்தாள். கடைசியில் ஒரு பக்க அளவில் சிறிய இயல் ஒன்று. இவ்விமானம் எந்த ஊர்களின் மேல் பறக்கும், அவ்வூராரிடம் எப்போது, எவர் வினவுவது என்பதைப் பற்றியது. இது பொறியியலில் வராது, நீக்கிவிடு என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னாராம். வாய்மொழித் தேர்வுவரை இருக்கட்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். தேர்வில் அதற்காக மதிப்பெண் குறையலாம் என்று அஞ்சுகிறாள். நீக்கிவிடு என்று சொல்லவும் எங்களுக்கு மனமில்லை, வைத்துக்கொள் என்று சொல்லவும் துணிவில்லை. மதிப்பெண் அவளுடையது.

அப்பா உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்த அறிக்கையை இரண்டு நாள் படித்தார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மூன்றாம் நாள் காலை அவளைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தில் விரல் வைத்தார். இவ்விமானம் இறங்க இயலாத தளங்களின் பட்டியலில் லேயின் உயரத்தைப் பத்தாயிரம் அடி என்று எழுதியிருந்தாள்.

"அறுநூத்துச் சொச்சம் விட்டுட்டியேம்மா" என்றார்.

அவள் தேடிப் பார்த்தாள். 10,682 அடி. திருத்திக்கொண்டாள்.